கறுத்துவிட்டால் மாற்றிவிட வேண்டுமா? டீசல் பிக்கப்புக்கு ஆயில் தேர்ந்தெடுப்பதும் மாற்றுவதும்

மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விடியற்காலைச் சரக்கை இறக்கிவிட்டு டீக்கடையில் நிற்கும் பிக்கப் ஓட்டுநர்களிடம் என்ஜின் ஆயிலைப் பற்றிக் கேட்டால், மூன்று தீர்ப்புகள் தவறாமல் கிடைக்கும். ஆயில் கறுத்துவிட்டால் உடனே மாற்ற வேண்டும் என்பார் ஒருவர். மதுரை வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் தாங்கும் என்பார் இன்னொருவர். பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடும்வரை தொடவே வேண்டாம் என்பார் மூன்றாமவர். மூவருமே அனுபவசாலிகள். மூவர் சொல்வதிலும் பழைய வண்டிகளில் கண்ட உண்மை ஏதோ ஓரளவு இருக்கிறது. ஆனால் வண்டிப் புகையின் மாசைக் கட்டுப்படுத்தும் பி.எஸ்.6 விதிகள் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய வண்டியில் இந்த அரை உண்மைகளை நம்பி நடந்தால், ஆயிலில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய்க்குப் பல ஆயிரம் ரூபாய் பழுது வந்து சேரும். மாதத் தவணை கட்டி வண்டி ஓட்டுகிறவருக்கு அது பெரிய அடி. ஆகவே ஆயில் என்பது என்ன, டப்பாவில் இருக்கும் எழுத்துகள் எதைச் சொல்கின்றன, மாற்றும் நாளை எப்படி முடிவு செய்வது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

ஆயில் செய்யும் வேலைகள்

மாட்டுவண்டியின் அச்சில் மசகு தடவியது உராய்வைக் குறைப்பதற்காக மட்டுமே. என்ஜின் ஆயிலுக்கு அதைவிடப் பல வேலைகள் உண்டு. சுழலும் கிராங்க் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் இடையில், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய ஆயில் படலம் ஒன்று நின்று, இரும்பு இரும்பைத் தொடாமல் காக்கிறது. பிஸ்டனின் அடிப்பக்கத்திலும், என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலும் உள்ள சூட்டை ஆயில்தான் வாங்கிக்கொண்டு கீழே இறங்குகிறது. டீசல் எரியும்போது உண்டாகும் கரியையும் அமிலத்தையும் அதுவே ஏற்றுக்கொள்கிறது.

இத்தனை வேலைக்கும் வெறும் எண்ணெய் போதாது. டப்பாவில் இருப்பதில் பெரும்பகுதி அடிப்படை எண்ணெய். மீதி, தேய்மானத்தைத் தடுக்கவும், அழுக்கைக் கரைக்கவும், அமிலத்தை முறிக்கவும் கலக்கப்படும் வேதிப்பொருள்கள். இவற்றைச் சேர்மானங்கள் என்று அழைப்போம். ஆயிலுக்கு வயதாகிறது என்று சொல்லும்போது பெரும்பாலும் தீர்ந்துபோவது இந்தச் சேர்மானங்கள்தான்.

பாகும் பதமும்

வெல்லப்பாகு காய்ச்சியவர்களுக்குப் பாகுத்தன்மையைப் பற்றித் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுப்பில் கொதிக்கும்போது தண்ணீராய் ஓடும் பாகு, இறக்கி வைத்து ஆற ஆறக் கம்பியாக இழுபடுகிறது. ஒரு திரவம் ஓட மறுக்கும் அளவுக்குத்தான் பாகுத்தன்மை என்று பெயர். ஆயிலும் பாகைப் போலவே சூட்டில் இளகும், குளிரில் இறுகும். பொதுவாகப் புழங்கும் 15டபிள்யூ-40 ஆயிலின் பாகுத்தன்மை, சென்டிஸ்டோக் என்னும் அலகில் அளந்தால், 40 டிகிரி செல்சியஸில் நூறைத் தாண்டி நிற்கும். 100 டிகிரியில் அதே ஆயில் பதினான்கு, பதினைந்துக்கு இறங்கிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க, சாதாரணத் தண்ணீரின் பாகுத்தன்மை சுமார் ஒன்று.

இனி 15டபிள்யூ-40 என்பதைப் பிரித்துப் படிக்கலாம். டபிள்யூ என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண், கடுங்குளிரில் என்ஜின் கிளம்பும்போது ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைச் சொல்கிறது. எண் குறையக் குறைய ஆயில் குளிரிலும் இளகி ஓடும். 15டபிள்யூ ஆயிலைச் சோதிப்பது பூஜ்யத்துக்குக் கீழே 20, 25 டிகிரிகளில். மார்கழி விடியலில்கூட அந்தக் குளிரின் பக்கத்தில் நாம் போவதில்லை. பின்னால் உள்ள எண், 100 டிகிரிச் சூட்டில் மிஞ்சும் பாகுத்தன்மையைச் சொல்கிறது. 30 என்றால் அது 9.3 முதல் 12.5-க்குள்ளும், 40 என்றால் 12.5 முதல் 16.3-க்குள்ளும் இருக்க வேண்டும்.

மதுரை வெயிலுக்குக் கெட்டி ஆயில் என்ற வாதத்தை இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். சித்திரை வெயில் 40 டிகிரி அடித்தாலும் கார்த்திகை மழையில் 24 டிகிரி இருந்தாலும், ஓடிச் சூடேறிய என்ஜினுக்குள் ஆயிலின் சூடு ஏறக்குறைய 90 முதல் 110 டிகிரிக்குள் நிற்கும்படி தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் பார்த்துக்கொள்கின்றன. வெளியே அடிக்கும் வெயிலைவிட, வண்டி இழுக்கும் லோடுதான் ஆயிலைச் சூடாக்குகிறது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலைப்பாதையில் முழு லோடோடு இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும் ஏறும் வண்டியின் ஆயில், மார்கழிக் குளிரிலும், வைகாசியில் நகருக்குள் காலியாகத் திரியும் வண்டியின் ஆயிலைவிடச் சூடாக இருக்கும்.

வண்டியோடு வரும் கையேடு 5டபிள்யூ-30 கேட்கும் என்ஜினில் "நம்ம ஊருக்கு இதுதான் சரி" என்று 20டபிள்யூ-50 ஊற்றுவது பாதுகாப்பு ஆகாது. அந்த என்ஜினின் பேரிங் இடைவெளிகளும் ஆயில் பம்பும் மெல்லிய ஆயிலுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. அளவுக்கு மீறிக் கெட்டியான ஆயில் காலையில் வண்டியைக் கிளப்பியதும் மேலே ஏறுவதற்குத் தாமதமாகும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் டர்போத் தண்டுக்கு அந்தச் சில நொடிகளே அதிகம். ஓடும்போதும் அந்த ஆயிலைத் தள்ளுவதற்குக் கொஞ்சம் டீசல் வீணாகும். கையேடு 15டபிள்யூ-40 கேட்டால் அது. 5டபிள்யூ-30 கேட்டால் அதுவே. சில கையேடுகள் இரண்டையும் அனுமதிக்கும். அப்போது மலைப்பாதையில் லோடு இழுக்கிற வண்டிக்கு நான் 40-ஐத் தேர்வேன்.

மினரல், சிந்தடிக் என்ற பேச்சு அடிப்படை எண்ணெயைப் பற்றியது. கச்சா எண்ணெயிலிருந்து வழக்கமாகச் சுத்திகரித்து எடுப்பது மினரல். வேதிமுறையில் மூலக்கூறுகளை ஒழுங்குபடுத்தித் தயாரிப்பது சிந்தடிக். அது சூட்டில் சீக்கிரம் கெடாது. ஆனால் சிந்தடிக் என்ற சொல் மட்டும் உங்கள் வண்டிக்குப் பொருத்தம் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. சரியான குறியீடுள்ள மினரல் ஆயில், தவறான குறியீடுள்ள விலையுயர்ந்த சிந்தடிக் ஆயிலைவிட நல்லது.

இதுவரை பார்த்தது: டப்பாவின் முதல் குறியீடு ஆயிலின் பதத்தைச் சொல்கிறது. அந்தப் பதத்தை ஊர் வெயில் முடிவு செய்வதில்லை. என்ஜினின் அமைப்பு முடிவு செய்கிறது. அது வண்டியின் கையேட்டில் அச்சாகியிருக்கிறது.

கறுப்பு நிறம் சொல்வதும் சொல்லாததும்

அழுக்கு வேட்டியைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சற்று நேரத்தில் தண்ணீர் கறுத்துப்போகும். தண்ணீர் கெட்டுவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. அழுக்கு வேட்டியை விட்டு வெளியே வந்திருக்கிறது என்றுதான் புரிந்துகொள்கிறோம். டீசல் என்ஜினில் ஆயிலின் நிறமும் அப்படித்தான். டீசல் எரியும்போது மிக நுண்ணிய கரித்துகள்கள் உண்டாகி, அவற்றில் கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலில் இறங்குகின்றன. அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடாமல் தனித்தனியாக மிதக்கவைப்பதற்கென்றே ஒரு சேர்மானம் இருக்கிறது. அது ஒழுங்காக வேலை செய்தால் ஆயில் கறுக்கத்தான் வேண்டும். போதாக்குறைக்கு, பழைய ஆயிலை வடித்த பிறகும் என்ஜினின் மூலைகளில் கொஞ்சம் தங்கிவிடுவதால், புது ஆயில் இருநூறு, முந்நூறு கிலோமீட்டரிலேயே மை போல ஆகிவிடும்.

நிறத்தை வைத்து மாற்றுகிறவர் இரண்டு வழியிலும் ஏமாறலாம். இன்னும் பாதிக்கு மேல் உயிருள்ள ஆயிலைக் கொட்டிவிடலாம். அல்லது எப்போதும் கறுப்பாகத்தானே இருக்கிறது என்று பழகிப்போய், சேர்மானங்கள் தீர்ந்த பிறகும் ஓட்டிக்கொண்டிருக்கலாம். விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பதும் இதே வகைதான். ஆறிய ஆயிலை விரலால் தேய்ப்பவருக்கு 100 டிகிரியில் அதன் பதம் என்னவென்று தெரிய வழியே இல்லை.

நிறத்தில் நிஜமாகவே பயப்பட வேண்டியது வேறு. ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் நுரைத்துத் தெரிந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. பெரும்பாலும் ஹெட் கேஸ்கட்டோ ஆயில் கூலரோ விட்டுப்போனதன் அடையாளம் அது. அப்போது வண்டியை ஓட்டிக்கொண்டு ஒர்க் ஷாப்புக்குப் போகக் கூடாது. கட்டி இழுத்துத்தான் போக வேண்டும்.

இரண்டாவது குறியீடு: கரியும் சாம்பலும்

டப்பாவில் பதத்தைச் சொல்லும் எண்ணுக்கு அருகிலோ பின்பக்கத்திலோ ஏ.பி.ஐ. என்று போட்டு சில எழுத்துகள் இருக்கும். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வகுத்த தரக் குறியீடு அது. சி என்று தொடங்குபவை டீசல் என்ஜினுக்கானவை, எஸ் என்று தொடங்குபவை பெட்ரோல் என்ஜினுக்கானவை. டீசல் வரிசையில் சி.எச்.-4, சி.ஐ.-4, சி.ஜே.-4, சி.கே.-4 என்று எழுத்து முன்னேற முன்னேறத் தரமும் புதியதாகிறது. கடைசியாகச் சொன்னது 2016 டிசம்பரில் வந்தது. அதனுடன் சேர்ந்து எஃப்.ஏ.-4 என்ற ஒன்றும் வந்தது. குறிப்பிட்ட சில புதிய என்ஜின்களுக்கென்று மெலிதாக வடிவமைக்கப்பட்டது என்பதால், கையேடு பெயர் சொல்லிக் கேட்டாலன்றி அதைத் தொட வேண்டாம்.

இந்த எழுத்து ஏன் முக்கியம் என்பதற்கு விறகடுப்பு நல்ல உதாரணம். அடுப்பில் பாதி எரிந்து நின்ற கரியை மறுநாள் மூட்டினால் அது எரிந்து தீரும். சாம்பல் எத்தனை மூட்டினாலும் எரியாது. அள்ளித்தான் கொட்ட வேண்டும். பெரும்பாலான பி.எஸ்.6 டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் டி.பி.எஃப். எனப்படும் கரி வடிகட்டி ஒன்று இருக்கிறது. புகையில் வரும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. போதுமான அளவு சேர்ந்ததும் என்ஜின் தானாகவே அந்த வடிகட்டியைச் சுமார் 600 டிகிரிவரை சூடாக்கிக் கரியை எரித்துவிடும். வண்டி எச்சரிக்கை காட்டி, நிற்காமல் கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்வது இதற்காகத்தான்.

சாம்பல் எங்கிருந்து வருகிறது? ஆயிலிலிருந்து. அமிலத்தை முறிப்பதற்காகக் கலக்கும் சேர்மானத்தில், வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பில் உள்ள அதே கால்சியம் இருக்கிறது. தேய்மானத்தைத் தடுக்கும் சேர்மானத்தில் துத்தநாகம் இருக்கிறது. நல்ல என்ஜினிலும் சிறிதளவு ஆயில் சிலிண்டரில் எரியத்தான் செய்யும். அப்போது இந்த உலோகங்கள் சாம்பலாகி வடிகட்டியின் நுண்துளைகளில் படிந்து, அங்கேயே தங்கிவிடுகின்றன. சி.ஜே.-4, சி.கே.-4 தர ஆயில்களில் சாம்பல் எடையில் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு உண்டு. சி.ஐ.-4 தரத்துக்கு அப்படி வரம்பு இல்லாததால், சில ஆயில்களில் அது ஒன்றரை சதவீதத்தை நெருங்கும். பழைய லாரிக்கு அதனால் ஒரு தீங்கும் இல்லை, அதில் வடிகட்டியே கிடையாது. அதே ஆயிலை பி.எஸ்.6 பிக்கப்பில் தொடர்ந்து ஊற்றினால், என்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே வடிகட்டி சாம்பலால் அடைபடும். இழுவை குறையும், எரிப்பு அடிக்கடி நடக்கும், டீசல் அதிகம் பிடிக்கும். குற்றம் ஆயிலில் இருக்கிறது என்று அப்போது யாருக்கும் தோன்றாது.

சில நிறுவனங்கள் ஐரோப்பிய முறையில் சி3 என்பது போன்ற குறியீட்டைக் கேட்கும். அதுவும் சாம்பல் குறைந்த ஆயில்தான். எப்படியானாலும் திசை ஒன்றே. பழைய வண்டிக்குச் சி.கே.-4 ஊற்றலாம், சி.கே.-4 கேட்கும் வண்டிக்குப் பழைய தரத்தை ஊற்றக் கூடாது.

ஆக, பதத்தைச் சொல்லும் எண், தரத்தைச் சொல்லும் எழுத்து ஆகிய இரண்டும் கையேட்டோடு ஒத்துப்போக வேண்டும். பி.எஸ்.6 வண்டியில் பதம் ஒரு படி தவறினால்கூட என்ஜின் ஓரளவு பொறுக்கும். தரம் தவறினால் வடிகட்டி பொறுக்காது.

கிலோமீட்டரும் மணி நேரமும்

பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அப்போது மாற்றவும் என்று ஒரு கையேட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இங்கே கிலோமீட்டர் என்பது ஆயில் உழைத்த உழைப்பை மறைமுகமாக அளக்கும் வழி மட்டுமே. ஆயிலுக்குத் தூரம் தெரியாது. எத்தனை மணி நேரம் சூட்டிலும் அழுத்தத்திலும் நின்றது என்பதே அதன் கணக்கு.

இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கும் மதுரைக்கும் நெடுஞ்சாலையில் ஓடுகிறது. சராசரி வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். இன்னொன்று மாட்டுத்தாவணியிலிருந்து சிம்மக்கல், கீழவாசல், மாசி வீதிகள் என்று கடைகடையாக இறக்கித் திரிகிறது. சிக்னலிலும் நெரிசலிலும் நின்ற நேரத்தையும் சேர்த்தால் சராசரி வேகம் 20 கூட வராது, 20 என்றே வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் கிலோமீட்டரை முதல் வண்டி 200 மணி நேரத்தில் முடிக்கிறது. இரண்டாவது வண்டிக்கு 500 மணி நேரம் ஆகிறது. மீட்டரில் ஒரே எண், ஆயிலில் இரண்டரை மடங்கு உழைப்பு. சரக்கு இறக்கும்போது என்ஜினை அணைக்காமல் விடும் பழக்கம் இருந்தால் இடைவெளி இன்னும் கூடும்.

தூசி இன்னொரு கணக்கு. மேலூர்ப் பக்கத்துக் கல்குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம்.சாண்டும் ஏற்றும் வண்டி சுவாசிக்கும் காற்றில் கல்மாவு இருக்கிறது. ஏர் ஃபில்டர் கிழிந்திருந்தாலோ அதன் குழாய் இணைப்பு தளர்ந்திருந்தாலோ அந்த மாவு சிலிண்டர் வழியாக ஆயிலில் இறங்கி, அம்மியில் அரைப்பதைப் போல வளையங்களையும் பேரிங்கையும் தேய்க்கும். எவ்வளவு நல்ல ஆயிலும் கல்லைக் கரைக்காது. குவாரி வண்டிக்கு ஏர் ஃபில்டரைப் பார்க்காமல் ஆயிலை மட்டும் அடிக்கடி மாற்றுவது பாதி வேலைதான்.

அளவுக்கு மீறிய லோடு, மலையேற்றம், தூசி, நின்று நின்று ஓடுவது, ஐந்து பத்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும் குட்டிப் பயணங்கள் ஆகியவற்றைக் கையேடுகள் கடும் பயன்பாடு என்று தனியாகக் குறிப்பிட்டு, அதற்குக் குறைந்த இடைவெளியைச் சொல்லும். பலரும் இந்தப் பக்கத்தைப் படிப்பதே இல்லை. மதுரை நகருக்குள் ஓடும் பிக்கப்புகளில் பெரும்பாலானவை இந்த வகையில்தான் வரும் என்பது என் எண்ணம். பத்தாயிரம் என்று அச்சாகியிருந்தால், நகருக்குள்ளும் குவாரியிலும் ஓடும் வண்டிக்கு ஆறாயிரம், ஏழாயிரத்தில் மாற்றச் சொல்வேன். நெடுஞ்சாலை வண்டிக்கு அச்சாகிய எண்ணே போதும், மூவாயிரத்தில் கொட்டுவது வீண். குறைவாக ஓடும் வண்டிக்கும் ஓராண்டு வரம்பு பொருந்தும், ஏனெனில் சும்மா நின்றாலும் ஆயிலில் ஈரமும் அமிலமும் சேரும்.

அளவு கூடினால்

என் மச்சினன் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மல்லிகை ஏற்றிவருகிறார். பி.எஸ்.6 பிக்கப். ஒருநாள், "ஊத்துன ஆயில் ஒரு சொட்டுக்கூடக் குறையலை மாமா, வண்டி அப்படி இருக்கு" என்று சந்தோஷமாகச் சொன்னார். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, ஆயில் அளவுகோலை உருவித் துணியால் துடைத்து, மறுபடி முழுவதும் உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தோம். ஆயில் மேல்கோட்டுக்கும் மேலே ஒரு விரற்கடை நின்றது. ஊற்றியபோது அது மேல்கோட்டில்தான் இருந்தது. முகர்ந்தால் டீசல் வாடை தூக்கியது.

காரணம் வடிகட்டி எரிப்பில் இருக்கிறது. வடிகட்டியைச் சூடாக்க என்ஜின், பிஸ்டன் கீழிறங்கும் நேரத்தில் கூடுதலாகக் கொஞ்சம் டீசலைத் தெளிக்கிறது. அதில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் பட்டு ஆயிலோடு கீழே இறங்கிவிடும். நீண்ட பயணத்தில் எரிப்பு ஒரே மூச்சில் முடிந்து, இறங்கிய டீசலும் சூட்டில் ஆவியாகும். சந்தையில் இறக்கிவிட்டுப் பத்து நிமிடத்தில் வண்டியை அணைத்துவிட்டால் எரிப்பு பாதியில் நிற்கும், அடுத்த நாள் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இப்படி நாளுக்கு நாள் டீசல் சேர்ந்து ஆயில் நீர்த்துப்போகிறது. நீர்த்த ஆயிலின் படலம் பேரிங்கைத் தாங்காது; அளவு மிக அதிகமானால் கிராங்க் தண்டு ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், அந்த ஆயில் காற்றுக்குழாய் வழியாக உறிஞ்சப்பட்டு என்ஜின் கட்டுப்பாடில்லாமல் ஓடவும் வாய்ப்பு உண்டு.

அன்றே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினோம். நான்காயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. அதற்குப் பிறகு எரிப்பு விளக்கு எரிந்தால் அவர் வண்டியை அணைப்பதில்லை. நான்குவழிச் சாலையில் ஏறி அது அணையும்வரை ஓட்டிவிட்டு வருகிறார். வாரம் ஒருமுறை அளவுகோலைப் பார்க்கிறார். ஆயில் குறைகிறதா என்று மட்டும் பார்த்துப் பழகிய நமக்கு, கூடுகிறதா என்றும் பார்க்கும் பழக்கம் பி.எஸ்.6 வண்டியோடு வர வேண்டியிருக்கிறது.

மாற்றும் நாளில்

ஆயிலைச் சூடாக இருக்கும்போது வடிக்க வேண்டும். அப்போதுதான் மிதக்கும் கரியும் சேர்ந்து இறங்கும். ஆயில் ஃபில்டரை ஒவ்வொரு முறையும் மாற்றியே ஆக வேண்டும். அது அடைபட்டால் உள்ளே உள்ள ஒரு வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலை நேராக என்ஜினுக்கு விட்டுவிடும்; ஆயில் ஓடுவது நிற்காததால் ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. வடிகால் போல்ட்டின் வாஷரையும் புதிதாகப் போடுவது நல்லது. கையேட்டில் சொன்ன லிட்டரைவிடச் சற்றுக் குறைத்து ஊற்றி, இரண்டு நிமிடம் ஓட்டி அணைத்து, அளந்து பார்த்துவிட்டு மீதியைச் சேர்க்க வேண்டும். ஆயிலில் கலந்து ஊற்றச் சொல்லி விற்கும் தனிச் சேர்மானப் புட்டிகள் தேவையில்லை. ஆயில் தயாரித்தவர் அளந்து கலந்த கலவையை அவை குலைக்கும்.

டப்பாவை உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள். மூடியின் வளையம் அப்போதுதான் அறுபட வேண்டும். காலி டப்பாவின் அடியில் ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்து விட்டுவிடுங்கள். அதில் போலி ஆயில் நிரப்பி யாரும் விற்க முடியாது. வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ கண்மாய்க் கரையிலோ ஊற்றாமல், பழைய ஆயிலை மறுசுழற்சிக்கு எடுக்கும் ஒர்க் ஷாப்பில் கொடுங்கள். பில்லில் 15டபிள்யூ-40 என்பதோடு சி.கே.-4 என்ற எழுத்தையும் எழுதி வாங்குங்கள். வாரண்டி காலத்தில் வடிகட்டியில் தகராறு வந்தால் உங்கள் கையில் இருக்கும் சாட்சி அந்தத் தாள்தான். அதன் பின்பக்கத்தில் அன்றைய தேதியையும் மீட்டர் எண்ணையும் குறித்து, வண்டியின் ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துவிடுங்கள்.